பாதி நேரம் நின்ற பம்பு

மார்ச் 4

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இன்று காலை என் மேசைக்கு நம் ஊர்ப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேசை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கல்லூரியில் தாழ்வாரம் முடியும் இடத்தில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நகல் எடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் பயபக்தியோடு வணக்கம் சொல்கிறார்கள், பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நகல் எடுக்கிறார்கள். உலகப் புகழ் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் உன் படம். உன் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள், ஆனால் வெட்டத் தெரியாதவன் வெட்டியிருக்கிறான். என் தோள் உன் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படத்துக்குக் கீழே உன் வாக்குமூலம். நீ எழுதியது உனக்கே மறந்திருக்கும், அதனால் இதோ: ‘பள்ளிக்கூட மொட்டைமாடியில் வைத்த காற்றுப் பம்பு என் பொறுப்பில் இருந்தது. ஆய்வு நடந்த காலம் முழுவதும் அது நாளில் பாதி நேரம் ஓடவில்லை. இதை என் அக்காவிடம் மறைத்துவிட்டேன். வடிதாளில் சேர்ந்த ஈயத் தூசின் எடை சரியானது. பம்பு ஓடிய நேரம்தான் தவறாகக் குறிக்கப்பட்டது. எனவே அறிக்கையில் உள்ள அளவு சரியானதல்ல.’ அதற்குக் கீழே உன் கையெழுத்து, வாலை இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து.

பம்பு ஓடவில்லையா? என் பம்பா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில்தானே நான் குடியிருந்தேன்? அந்தச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றால் எனக்கு விழிப்புத் தட்டிவிடும். மின்சாரம் போன நாட்களுக்கு என்று நீயே பேட்டரி வைத்தாய். ஒரு வருஷம் முழுக்க அது மூச்சு விடாமல் ஓடியது, உருக்காலைப் புகையை உறிஞ்சி உறிஞ்சி வெள்ளைத் தாளைச் சாம்பல் நிறமாக்கியது. அதன் மேல் பழி போட உனக்கு எப்படிக் கை வந்தது?

காற்றில் எவ்வளவு ஈயம் என்று சொல்லும் அந்த எண்ணைக் குறைக்கச் சொன்னார்கள் அரசாங்கத்தார், நான் மறுத்தேன். கையெழுத்துப் போடு, இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்றார்கள், போனேன். இருபத்தைந்து வருஷம் வேலை செய்த ஆய்வகம், வீடு, மொழி எல்லாம் அந்த ஓர் எண்ணுக்காகப் போயிற்று. அதை நீ ஒரு பத்தியில் துடைத்துவிட்டாய்.

அடித்தார்களா? அடித்திருந்தால் சொல், கோபம் கொஞ்சம் குறையும். படத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாய்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

முதலில் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தபாலைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு என் வணக்கம். போன கடிதத்தின் உறையை ஒட்டும்போது பசை தாளிலும் பட்டுவிட்டது ஐயா, பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. இந்த முறை ஓரத்தில் மட்டும் தடவுங்கள்.

யாரும் அடிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நிறைய நேரம் கொடுத்தார்கள். அந்த வாக்குமூலத்தை ஒவ்வொரு சொல்லாக யோசித்து, என் கையால், என் நடையில் எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. உனக்கு வலிக்கிறதா? வலிக்கட்டும். எனக்கும் உன் கடிதத்தைப் படித்தபோது வலித்தது.

ஏனென்றால் நீ அதைப் படிக்கவில்லை. என் படத்தைப் பார்த்திருக்கிறாய், உன் தோளைப் பார்த்திருக்கிறாய், என் கையெழுத்தின் வாலைக்கூடப் பார்த்திருக்கிறாய். நடுவில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாய், படிக்கவில்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் நீ ஒன்று சொல்வாய், ‘ஆளைப் பார்க்காதே, அவன் கொடுத்ததைப் பார்’ என்று. ஊருக்குத்தான் உபதேசமா? நான் கவனமாக வேலை செய்கிறவன், கவனமாகத்தான் எழுதுவேன். இதற்கு மேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இங்கே நடப்பதைக் கேள். பம்பைக் கழற்றி, சாக்கில் கட்டி, அரக்கு வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். என்னை ஆய்வகத்திலிருந்து சாமான் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அலமாரியில் அடுக்குகிறேன். இயக்குநர் ஐயா தினமும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் பசை டப்பா கேட்டாள். எதற்கு என்றேன். பாடப்புத்தகத்தில் உன் படம் இருக்கும் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட வேண்டுமாம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒட்டினார்களாம். “அத்தை பக்கத்தை நான்தான்பா நல்லா ஒட்டினேன், டீச்சர் வெரிகுட் சொன்னாங்க” என்றாள். அவளுக்கு என்ன சொல்வது என்று உலகப் புகழ் பெற்ற அத்தைதான் எழுதி அனுப்ப வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஒருமுறை படித்தது போதும். எனக்கே உபதேசம் செய்கிற அளவுக்கு வந்துவிட்டாய், சந்தோஷம். அந்தப் பத்திரிகையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரயில் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. உனக்கும், உன் மனைவிக்கும், குழந்தைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைமேடையில் நின்றேன். வண்டி நகர்ந்த பிறகும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே வாங்கம்மா, விழுந்துவிடப் போகிறீர்கள் என்று டிக்கெட் பரிசோதகர் கத்தினார். நீ வரவில்லை. வர முடியவில்லை என்று நினைத்து இத்தனை மாதம் உனக்காகக் கலங்கினேன் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, யோசித்து, உன் நடையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். கடையில் உப்பு கேட்க எனக்குச் சொல் வராமல், விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன். கடைக்காரி சிரித்தாள். ஐந்து பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்த ஆளுக்கு உப்பு வாங்க வரவில்லை. கல்லூரியில் ‘நீங்கள் எவ்வளவு துணிச்சல்காரர்’ என்கிறார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதியம் சாப்பிட மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

ஜூன் மாதம் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடுகிறார்கள். நம் உருக்காலையில் கட்டி வைத்திருக்கும் புது உலையை மூட்டலாமா, காற்று தாங்குமா என்று அங்கேதான் முடிவு சொல்வார்கள். அவர்கள் ‘சரி’ என்றால் இப்போது வருகிற புகையைப் போல இன்னொரு பங்கு வரும். நான் எழுந்து என் எண்ணைச் சொல்லுவேன். ஆலைக்காரர்கள் எழுந்து உன் வாக்குமூலத்தைப் படிப்பார்கள். சொந்தத் தம்பியே சொல்லிவிட்டான் என்பார்கள். நான் அப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று நீயே சொல். கூரையையா?

இனி எழுதாதே. குழந்தைக்கு மட்டும் ஒன்று சொல்: நன்றாக ஒட்டியிருந்தால் சரிதான். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

இது தபாலில் வரவில்லை. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டரம்மா உன் ஊருக்கு ஒரு பயிற்சிக்கு வருகிறார். பற்பசை டப்பாவில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றார். இரண்டு வாரத்தில் திரும்புவார், பதிலை அவரிடமே கொடு. நடுவில் ஐயா இல்லை. ஆகையால் வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறேன்.

மூளை இருக்கிறதா உனக்கு? அதை அந்த ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினாயா?

பத்துக் குடம் கலங்கல் தண்ணீரை ஒரு துணியில் வடிகட்டுகிறாய். துணியில் ஒரு பிடி மண் தங்குகிறது. பிறகு ஒருவன் வந்து சொல்கிறான்: ‘மண் ஒரு பிடிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீ ஊற்றியது பத்துக் குடம் இல்லை, ஐந்து குடம்.’ இப்போது சொல், தண்ணீர் முன்னைவிடச் சுத்தமா, அழுக்கா?

பம்பு பாதி நேரம் ஓடவில்லை என்றால் பாதிக் காற்றுதான் தாள் வழியாகப் போயிருக்கிறது. அந்தப் பாதிக் காற்றிலேயே அவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது. எடையை நான் தொடவில்லை. எடை சரி என்று தனியாக ஒரு வரி எழுதினேன். அப்படியென்றால் உன் எண் தப்புதான் அக்கா. காற்றில் இருக்கும் ஈயம் அதைப் போல இரண்டு மடங்கு. அதை அரசாங்கமே, தன் செலவில், என் படத்தோடு அச்சடித்து ஊர் ஊராக விநியோகித்தது. உலகத்திலேயே வகுத்தல் தெரிந்த ஒருத்தி உடனே பிடித்துக்கொள்வாள் என்று நம்பினேன். அவள் என்னடாவென்றால் ‘என் பம்பா, என் பம்பா’ என்று மாரடித்துக்கொண்டிருக்கிறாள்!

நடந்ததைச் சொல்கிறேன். இயக்குநர் அறை. நம் தலையாட்டி ஒரு பக்கம். மேலிடத்திலிருந்து வந்த கைப்பெட்டிக்காரர் ஒரு பக்கம். எனக்குத் தாளும் பேனாவும்.

“தராசு கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க. சுலபமா முடிஞ்சிடும்” என்றார் கைப்பெட்டி.

“எழுதலாம் சார். ஆனா அந்தத் தராசுல அரசாங்க முத்திரை இருக்கு. போன வருஷந்தான் வந்து சரி பாத்துட்டுப் போனாங்க. தராசு தப்புன்னா முத்திரை குத்தினவங்களையும் கேப்பாங்களே?”

அவர் முகம் சுருங்கியது. “அப்ப அது ஈயமே இல்லைன்னு எழுதுங்க.”

“அது அக்கா கண்டுபிடிச்ச முறை சார். எந்தத் தூசு எந்தப் புகைபோக்கிலேருந்து வந்துச்சுன்னு சொல்லும். உலகம் பூரா அதைத்தான் வெச்சிருக்காங்க. நம்ம துறைமுகத்துலயும் அதான்.”

“இது ஆகாது, அது ஆகாது. உங்க மேல ஒரு தப்பு வேணுங்க எனக்கு. சீக்கிரம் சொல்லுங்க.”

“பம்பு என் பொறுப்பு. பாதி நேரம் ஓடலைன்னு எழுதட்டுமா? ஆனா அது என் மெத்தனம்னு ஆயிடுமே சார்.” குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டேன்.

“மெத்தனம்! அதான் வேணும். எழுதுங்க, எழுதுங்க.”

எழுதினேன். தலையாட்டி வாங்கி இரண்டு முறை படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததா, எப்போதும் ஆட்டுகிற ஆட்டம்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்து, சிரித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று என் வீட்டுக்காரி பார்த்தாள். அக்கா படித்ததும் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறாள் என்று சொன்னேன். சிரித்தாயே, நன்றாகச் சிரித்தாய்.

நான் ரயிலுக்கு ஏன் வரவில்லை தெரியுமா? பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நாம் இரண்டு பேரும் போய்விட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். அது எந்தப் பள்ளிக்கூடத்து மாடி என்று மறந்துவிட்டாயா? என் பெண் அந்த மாடிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் படிக்கிறாள். அவளை நான் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம், அவள் பெஞ்சில் கூட உட்காரும் மற்றதுகளை எந்தப் பையில் போட்டுக் கொண்டுவருவது?

எனக்குத் தாங்காதது ஒன்றுதான். நீ நம்பிவிட்டாய். என் தம்பி இதைச் செய்வானா என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் மறுபடி படித்திருப்பாய். நீ அஞ்சாம் வகுப்பு, நான் மூணாம் வகுப்பு. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு உன் வகுத்தல் கணக்குகளுக்கெல்லாம் விடை சொன்னவன் நான். இன்றைக்கும் சாப்பிடும்போது என் மகளும் நானும் வகுத்தலில் போட்டி போடுவோம், அப்பாவைத் தோற்கடிக்கவே முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்கிறாள். எனக்குப் பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் தெரியாது என்றா நினைத்தாய்? துரோகி என்று நினைத்ததைக்கூட மன்னிப்பேன். முட்டாள் என்று நினைத்ததை மன்னிக்க மாட்டேன்.

ஜூன் மாதம் அவர்கள் எழுந்து அதைப் படிக்கட்டும். முழுசாகப் படிக்கட்டும். பிறகு நீ எழு.

தம்பி


மே 10

தம்பி,

படித்தேன். குப்பையிலிருந்து பத்திரிகையை எடுக்க முடியாது, அதனால் கல்லூரி நூலகத்துக்குப் போய் அந்த நாலாம் பக்கத்தை மறுபடி வாங்கிப் படித்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நூலகர் ஜன்னலைத் திறந்துவிட்டார். என் வெட்கத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், நீ சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்வாய்.

ஆனால் கோபம் போகவில்லை. நீ செய்து வைத்திருக்கும் காரியம் என்ன என்று யோசித்தாயா? நான் ஜூன் மாதம் அந்த மேடையில் இதைச் சொன்னால், மறுநாளே கைப்பெட்டிக்காரர் உன் வீட்டு வாசலில் நிற்பார். வேண்டுமென்றே எழுதினான் என்று தெரிந்த பிறகு நாற்காலியும் தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள். என் கையால் உன்னை அவர்களிடம் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாயா? உன் சாமர்த்தியத்தை நினைத்து நீயே சிரித்துக்கொண்டாயே, இதற்குக் கணக்குப் போட்டாயா?

இன்னொன்று. பம்பு நிற்கவில்லை. இரண்டு மடங்கு என்பது பொய். எனக்குச் சாதகமான பொய், அவ்வளவுதான். குறைத்துச் சொல்ல மாட்டேன் என்று நாட்டை விட்டு வந்தவள், கூட்டிச் சொல்லவா வந்தேன்? கூட்டினால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே முதலில் நீங்கள் மூன்று பேரும் வெளியே வாருங்கள். டாக்டரம்மாவிடம் வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். வராவிட்டால் ஜூன் மாதம் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர்கள் உன் வாக்குமூலத்தைப் படிக்கட்டும், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முட்டாள் என்று உன்னை நினைத்ததே இல்லை. அதைவிட மோசமாக நினைத்தேன். அதற்கு மட்டும் திட்டு.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

நடுவில் படிக்கும் ஐயாவுக்கு வணக்கம். இது குடும்பச் சண்டை, அலுத்துப் போயிருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா கொடுத்த பல் மருந்து கிடைத்தது. கசப்பு. துப்பிவிட்டேன்.

நான் எங்கேயும் வரப் போவதில்லை. ஒரு தடவை டிக்கெட் எடுத்து ஏமாந்தவளுக்கு மறுபடி எடுக்க எப்படி மனசு வருகிறதோ. இங்கே எனக்கு வேலை இருக்கிறது, குடுவை துடைக்கிறேன். என் வீட்டுக்காரியும் வர மாட்டாளாம். “உங்க அக்காவுக்கு எப்பவும் தன் கை சுத்தமா இருக்கணும். ஊர்ப் பிள்ளைங்க மூச்சு எப்படி இருந்தா அவங்களுக்கென்ன?” என்று கேட்கிறாள். நான் உனக்காக வாதாடவில்லை. அவள் சொல்வதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புது உலைக்குச் சுண்ணாம்பு அடித்து, தோரணம் மாதிரி வண்ணக் காகிதம் ஒட்டி, தயாராக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் புகையை ஊதா நிறத்தில் வரைந்திருக்கிறாள். சாம்பல் நிறப் பென்சில் தீர்ந்துவிட்டதாம், வகுப்பு முழுக்க அந்த நிறம்தான் தீர்ந்திருக்கிறது. நாலு நாளாக வயிற்றுவலி என்கிறாள். சூடு பிடித்திருக்கும் என்று பாட்டில் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

மௌனமாக உட்கார்ந்திருப்பேன் என்று மிரட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. வாய் வலிக்கத் திட்டு, நாலு பேர் முன்னால் திட்டு, உலகம் பூராவும் கேட்கிற மாதிரி மைக் வைத்துத் திட்டு. என் மானத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதைப் போன பிப்ரவரியிலேயே பத்திரிகையில் போட்டாகிவிட்டது. ஆனால் கூரையைப் பார்க்காதே.

தம்பி


ஜூன் 18

என் முட்டாள் தம்பிக்கு,

இதைத் தபாலில்தான் அனுப்புகிறேன். நடுவில் இருப்பவரும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும், பத்திரிகையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. பெரிய மண்டபம். என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அது ஆடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் கூடியது. ஆலைக்காரர்களின் நிபுணர் எழுந்து, கனைத்து, உன் வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். எடை சரி என்ற வரியையும் படித்தார். உட்கார்ந்தார். நான் எழுந்தேன்.

“இந்த வாக்குமூலம் உண்மையா, பொய்யா என்று அரசாங்கம் சொல்லட்டும். பொய் என்றால் என் எண் அப்படியே நிற்கிறது. உண்மை என்றால் பாதிக் காற்றில் அவ்வளவு ஈயம், அதாவது காற்றில் இருப்பது என் எண்ணைப் போல இரண்டு மடங்கு. இரண்டில் எது வேண்டும் என்று அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். என் எண்ணுக்குக் கீழே போக அவர்களே வழி வைக்கவில்லை. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை” என்றேன்.

நிபுணர் தன் கையிலிருந்த தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் காது சிவந்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

தலைவர் என்னைக் கேட்டார்: உங்கள் தம்பி இதைத் தெரிந்துதான் எழுதினாரா? அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள்.

“தெரிந்தா? அவனுக்கா?” என்றேன். “என் தம்பி ஒரு மக்கு. பம்பு சுவிட்சைப் போடவும் அணைக்கவும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாதாரண வகுத்தல்கூட வராது. பாதி நேரம் ஓடவில்லை என்றால் அளவு குறையும் என்று நினைத்து எழுதியிருக்கிறான், பாவம். தம்பி என்று பரிதாபப்பட்டு அந்த வேலையில் வைத்திருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.” மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

இன்றைய பத்திரிகைகளில் அதுதான் தலைப்பு. ‘மேதையின் மக்குத் தம்பி’ என்று ஒன்றில் கேலிப்படம்கூடப் போட்டிருக்கிறார்கள். படத்தில் உன் மூக்கு பெரிதாக இருக்கிறது.

புது உலைக்கு அனுமதி இல்லை. பழையதையும் பரிசோதிக்க ஆள் அனுப்புகிறார்கள்.

எனக்கு அவமானம் தேடித் தந்த உன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன். எனக்கு எழுதாதே. என் பெயரைச் சொல்லாதே. உன்னை மன்னிக்கவே மாட்டேன் என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், எல்லோருக்கும் தெரியட்டும்.

அக்கா


ஜூலை 7

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் படிக்கும் ஐயாவும் தெரிந்துகொள்ளலாம், ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் பேச்சு பத்திரிகையில் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதே அறை. இந்த முறை நாற்காலி இல்லை. மேலிடத்து ஐயா ஒரு தாளை நீட்டினார். “நூத்தி நாப்பத்தி நாலை ஆறால வகுங்க” என்றார். எனக்கு வேர்த்து ஊற்றியது. எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் இருபத்தொன்று என்று எழுதி, மீதி பத்து என்று போட்டேன். ஆறால் வகுத்தால் மீதி பத்து வருமா என்று கேட்டார். வராதா சார் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இயக்குநர் ஐயா தாளை வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “இவனுக்கு எப்பவுமே கணக்கு வராது சார். சுவிட்ச் போடத்தான் வெச்சிருந்தோம். அந்தம்மா தம்பின்னு தொந்தரவு பண்ணினதால” என்று சொல்லித் தலையாட்டினார். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சாமான் அறைகூட இல்லை, வாசல் கேட்டைத் திறந்து மூடுகிறேன். அதற்குக் கணக்கு வேண்டாம்.

கேலிப்படம் இங்கேயும் வந்துவிட்டது. மூக்கு எனக்கும் பெரிதாகத்தான் தெரிந்தது. மகளுக்கு இனி வீட்டில் அப்பா கணக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். நேற்று சாப்பிடும்போது அவள் வழக்கமான போட்டிக்கு ஒரு கணக்கைக் கேட்க வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு, “பரவால்லப்பா, நான் உங்களுக்குச் சொல்லித்தரேன்” என்றாள். உன்னை மன்னிக்க மாட்டேன். இதை நான் யாருக்காகவும் எழுதவில்லை, உனக்காகத்தான் எழுதுகிறேன்.

புது உலையில் ஒட்டிய வண்ணக் காகிதம் மழையில் நனைந்து தொங்குகிறது. பழைய உலையைப் பழுது பார்க்கிறோம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். மொட்டைமாடியில் துணி காயப் போட்டால் இப்போதெல்லாம் வெள்ளையாகவே காய்கிறதாம், என் வீட்டுக்காரி சொன்னாள். நான் கவனிக்கவில்லை. எனக்கு அதெல்லாம் புரியாது.

நீ மண்டபத்தில் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வகுத்தல் வராது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, என் கணக்கையெல்லாம் நீதானே போட்டுக் கொடுத்தாய்.

இப்படிக்கு,
உன் முட்டாள் தம்பி